"பெரியகுளத்து வீடு" குழுவில் சூப்பர் ட்யூஸ்டே

(எங்கள் குடும்பக் குழுவில் 2020 மார்ச் முதல் வாரம் ஓடியது. நவம்பரில் ட்ரம்புக்கு எதிராக யாரை நிறுத்துவது என்று டெமாக்ரட் கட்சிக்குள் மாநிலம் மாநிலமாக ஓட்டு நடந்த நேரம்; ஒரே நாளில் 14 மாநிலங்கள் ஓட்டுப் போட்ட செவ்வாய்தான் சூப்பர் ட்யூஸ்டே. போட்டியில் இருந்தவர்கள் பைடன், சாண்டர்ஸ், எலிசபெத் வாரன், பீட் பூட்டிஜெஜ், ஏமி க்ளோபுஷார் முதலானவர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நேரமெல்லாம் வர்ஜீனியா நேரம். கண்ணன் மாமா ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்ட், அவர் மகள் நிலா பாஸ்டன், சாந்தி சித்தி வட கரோலினா, தம்பி கார்த்தி கலிபோர்னியா, தாத்தா ஊரில். வித்யா நான்.)

மார்ச் 1, ஞாயிறு

கார்த்தி 6:31 மாலை
பீட் அவுட்!! விலகிட்டாராம்

வித்யா 6:32
சவுத் கரோலினா ஓட்டு முடிஞ்சு ஒரு நாள்தானடா ஆச்சு

கார்த்தி 6:32
எல்லா சேனல்லயும் ஓடுது. ராத்திரி அவர் ஊரு சவுத் பெண்ட்ல பேசுறார்

நிலா 6:34
அப்பா????

நிலா 6:34
ஆன்லைன்னு காட்டுது. பதில் சொல்லுங்க

கண்ணன் மாமா 6:36
பாத்தேன்.

சாந்தி சித்தி 6:36
ஏன், அண்ணனுக்கு என்ன?

நிலா 6:37
வெள்ளிக்கிழமையே எர்லி வோட்டிங்ல பீட்டுக்குப் போட்டுட்டு வந்துட்டாரு அத்தை 😂

கார்த்தி 6:37
ஐயோ மாமா

வித்யா 6:38
மாத்திப் போட முடியாதா மாமா?

கண்ணன் மாமா 6:39
போட்டா போட்டதுதான். சிரிங்க, எல்லாரும் நல்லா சிரிங்க.

நிலா 6:40
இதுல கூத்து என்னன்னா இவருக்குப் பிடிச்சது பீட்டே இல்ல. போன செப்டம்பர்ல இருந்து வீட்ல வாரன் புராணம்தான். பெரும் பணக்காரங்க சொத்து மேல வரி போடுற அந்தத் திட்டம் அம்மாவுக்கு மனப்பாடம்

கண்ணன் மாமா 6:44
பிடிச்சது வாரன்தான், இல்லேங்கல. ஆனா நவம்பர்ல ட்ரம்ப் எதுத்தாப்புல நிக்கணும்ல? 2016ல ஹிலாரிக்கு நாடு முழுக்க 28 லட்சத்துக்கு மேல ஓட்டு ஜாஸ்தி. என்ன பிரயோஜனம்? மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூணுலயும் சேத்து 78 ஆயிரம் ஓட்டுல ஆட்சியே போச்சு. அந்த 78 ஆயிரம் பேர் யாருக்குப் போடுவான்னு பாத்துதான் நான் போட்டேன். மிட்வெஸ்ட் பையன், மிலிட்டரில இருந்தவன், சத்தம் போடாமப் பேசுறான்.

நிலா 6:45
ஜெயிக்கிற ஆள்னு தேடிப் பிடிச்சவரு ரெண்டு நாள் தாங்கலயேப்பா

தாத்தா 6:48
என்னப்பா விடியுமுன்ன இத்தனை டிங் டிங். யாருக்கும் ஒண்ணும் இல்லையே

வித்யா 6:48
ஒண்ணுமில்ல தாத்தா. எலெக்‌ஷன் பேச்சு

தாத்தா 6:50
நவம்பர்ல தானே?

வித்யா 6:51
அது ஜனாதிபதித் தேர்தல். இது கட்சிக்குள்ள. யாரை நிறுத்தலாம்னு ஜனங்களே ஓட்டுப் போடுறது. நாளன்னைக்கு மட்டும் 14 மாநிலத்துல

தாத்தா 6:55
தலைமை சீட்டுக் குடுக்காதா. இங்க விருப்ப மனு வாங்கி, நேர்காணல் வச்சு, சாதி என்ன, எவ்வளவு செலவு பண்ணுவே, வெற்றி வாய்ப்பு எப்படின்னு எல்லாம் கேட்டுல்ல அனுப்புவாங்க

கண்ணன் மாமா 6:57
அந்த மாவட்டச் செயலாளர் வேலையையும் இங்க ஓட்டுப் போடுறவன் தலைல கட்டிட்டாங்கப்பா. எனக்கு யாரைப் பிடிக்குதுன்னு பாத்தாப் பத்தாது. ஒஹையோல இருக்கிறவனுக்கு யாரைப் பிடிக்கும்னு நான் சுகர்லேண்ட்ல உக்காந்து யோசிக்கணும்.

நிலா 7:03
யோசிக்கணும்னு யாருப்பா சொன்னது? அதான் பிரச்சினையே. "எனக்கு வாரன் பிடிக்கும், மத்தவங்க ஒரு பொம்பளைக்குப் போட மாட்டாங்க"ன்னு நீங்க சொல்றீங்க. உங்க ஆபீஸ் ஃப்ரெண்டும் அதையேதான் சொல்றாரு. பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் அதையேதான். அந்த "மத்தவங்க" யாருன்னு பாத்தா நீங்கதான். மூணு பேரும் அவங்களுக்குப் பிடிச்சதைப் போட்டிருந்தா மூணு ஓட்டு விழுந்திருக்கும். இப்ப மூணும் போச்சு, "பாத்தியா, அவங்களால முடியல"ன்னு பேரு வேற

நிலா 7:04
போன வருஷம் ஒரு சர்வேல கேட்டாங்க: இன்னைக்கு யாருக்குப் போடுவீங்க? பைடன் முதல்ல. மந்திரக்கோல் வச்சு யாரையாவது நேரா ஜனாதிபதி ஆக்கலாம்னா? வாரன் முதல்ல வந்துட்டாங்க

கார்த்தி 7:06
நானும் ஒண்ணு சொல்றேன். 2004ல இதே மாதிரி கட்சிக்குள்ள ஓட்டு நடந்தப்ப ஹோவர்ட் டீனைப் பிடிச்சவங்கல்லாம் கடைசி நேரத்துல கெர்ரிக்கு மாறினாங்க. வியட்நாம் மெடல் இருக்கு, புஷ்ஷை எதுத்து நிக்கலாம்னு. மெடலையே எடுத்து அடிச்சானுங்க. எலெக்டோரல் ஓட்டு 286–251, புஷ்ஷே ஜெயிச்சார். ஜெயிக்கிற ஆள்னு தேடிப் போனதுக்குக் கிடைச்ச லட்சணம் அது. சாண்டர்ஸ் தோப்பார்னு இப்ப சொல்ற அதே டிவிக்காரங்கதான் 2016ல ட்ரம்ப் ஜெயிக்கவே மாட்டார்னு சொன்னாங்க

கண்ணன் மாமா 7:08
1972ல டெமாக்ரட் நிறுத்தின மெக்கவர்ன் தெரியுமா உனக்கு? எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச ஆளு. 49 மாநிலத்துல தோத்தாரு. மாசசூசெட்ஸ் ஒண்ணுதான் கிடைச்சது, கூட தலைநகர் வாஷிங்டன் டி.சி. உன் சாண்டர்ஸுக்கு அதான் நடக்கும்.

தாத்தா 7:12
1980ல ரீகன் நிக்கிறப்ப ஒரு நடிகர் எப்படி ஜெயிப்பார்னு அங்க பேசிக்கிட்டாங்களாம். நாங்க இங்க சிரிச்சோம். அந்த வருஷம்தான் எங்களுக்கு எம்.ஜி.ஆர் ரெண்டாவது தடவை ஜெயிச்சு வந்தாரு

வித்யா 7:12
😂😂 தாத்தா

தாத்தா 7:13
காபி குடிச்சிட்டு வர்றேன். நிறுத்தாதீங்க

சாந்தி சித்தி 7:25
நான் நேத்துக் காலைலயே போட்டாச்சு. இங்க எர்லி வோட்டிங்குக்கு அதான் கடைசி நாள். பைடன்.

நிலா 7:25
அத்தை!!!

சாந்தி சித்தி 7:33
இரு, முழுசா எழுதிடுறேன். எனக்குப் பைடனைப் பிடிச்சுப் போடல. 2002ல ஈராக்குக்குப் படை அனுப்ப ஓட்டுப் போட்டவர். டிபேட்ல அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது. அயோவால நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது. அப்பவே நீங்கல்லாம் கை கழுவிட்டீங்க. நான் ஃபார்மசில கூட வேலை பாக்குற அம்மாகிட்ட கேட்டேன். கறுப்பினத்தவங்க, 60 தாண்டிட்டாங்க, சர்ச்ல அவங்க சொன்னா நாப்பது பேர் கேப்பாங்க. பிடிச்ச ஆளைத் தேடிக்கிட்டு இருக்கிற வசதி உங்க பிள்ளைங்களுக்கு இருக்கும், எங்களுக்கு இல்லன்னாங்க. வெள்ளைக்காரங்க மனசு எங்க போகும், எங்க போகாதுன்னு டிவி பாத்து அவங்க தெரிஞ்சுக்கல, காலம் பூரா பக்கத்துல வாழ்ந்து தெரிஞ்சுக்கிட்டாங்க. அதைப் பயம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நேத்து ராத்திரி சவுத் கரோலினா ரிசல்ட் பாத்தீங்கல்ல. பைடன் 48க்கு மேல, சாண்டர்ஸ் 20கூட இல்ல.

நிலா 7:38
அவங்க சொல்றதை நான் தள்ளல அத்தை. ஆனா 2007ல இதே கணக்கு ஒபாமாவுக்கு எதிரா இருந்துச்சு. கறுப்பினத்தவங்கள்லயே நிறையப் பேர் அப்ப ஹிலாரி பக்கம்தான். ஒரு கறுப்பரை ஜெயிக்க விடுவாங்களான்னு

சாந்தி சித்தி 7:42
அதத்தான் நானும் சொல்றேன். 2008 ஜனவரில அயோவால வெள்ளைக்காரங்களே ஒபாமாவுக்குப் போட்டாங்க. அதைக் கண்ணால பாத்தாங்க, இந்தப் பக்கம் வந்தாங்க. ஆதாரம் கேட்டாங்க, கிடைச்சது. உன் வாரன் அயோவால மூணு, நியூ ஹாம்ப்ஷயர்ல நாலு, நெவாடால நாலு, நேத்து அஞ்சு. ஆதாரம் எங்கடி கண்ணு?

நிலா 7:43
எல்லாரும் ஆதாரத்துக்குக் காத்திருந்தா ஆதாரம் எங்கருந்து வரும்

சாந்தி சித்தி 7:44
நியாயம்தான். நீ போடு. நான் போட்டது போட்டதுதான்.

கார்த்தி 7:51
இந்தச் சண்டைக்கு நடுவுல எனக்கு ஒரு சிக்கல். தபால்ல வந்த ஓட்டுச்சீட்டை இப்பத்தான் பிரிக்கிறேன். ஜனாதிபதி வேட்பாளர் பேரே இல்ல. நேரா காங்கிரஸ்ல (இங்கத்த நாடாளுமன்றம்) ஆரம்பிக்குது

வித்யா 7:52
கட்சி எதுவும் வேண்டாம்னு பதிஞ்சிருக்கியா?

கார்த்தி 7:52
ஆமா. சுதந்திரமா இருக்கலாம்னு

வித்யா 7:55
அப்ப நீ டெமாக்ரட் சீட்டுன்னு தனியாக் கேட்டு வாங்கியிருக்கணும். அதுக்கு ஒரு கார்டு வந்திருக்கும், குப்பைல போட்டிருப்ப. இந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு வோட் சென்டர் போ, மாத்திக் குடுப்பாங்க

கண்ணன் மாமா 7:56
நாலு வருஷமா சாண்டர்ஸ் சாண்டர்ஸ்னு கத்துறான். சீட்டைப் பிரிச்சுப் பாக்கல.

கார்த்தி 7:56
மாமா நீங்க பேசவே கூடாது

மார்ச் 2, திங்கள்

வித்யா 2:20 மதியம்
ஏமி க்ளோபுஷாரும் விலகிட்டாங்க. ராத்திரி டல்லஸ்ல பைடனோட மேடை ஏறப் போறாங்களாம்

சாந்தி சித்தி 2:41
பீட்டும் வர்றாராமே

கண்ணன் மாமா 9:50 இரவு
வந்துட்டான். என் மாநிலத்துக்கே வந்து, என் ஓட்டைக் கைல வச்சுக்கிட்டு, பைடனுக்குப் போடச் சொல்றான். வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா என்னவாம்.

நிலா 9:52
பாவம்ப்பா நீங்க. நிஜமாவே

கண்ணன் மாமா 9:58
அப்படி ஒண்ணும் வீணாகல. டெக்சஸ் சீட்டு எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியாது. கீழ காங்கிரஸுக்கு குல்கர்னிக்குப் போட்டேன், நீதிபதிங்களுக்குப் போட்டேன். 2018ல குல்கர்னி 5 சதவீதத்துல தோத்தாரு. நம்மாளு, அங்க எல்லாம் ஜெயிக்க மாட்டாருன்னுதான் அப்பவும் சொன்னானுங்க.

நிலா 9:59
அவருக்கு மட்டும் ஜெயிப்பாரான்னு நீங்க கேக்கலயே

கண்ணன் மாமா 10:04
வீடு வீடா வந்து தமிழ்லயே போன் போட வச்சவன்மா. அது வேற.

வித்யா 10:15
நாளைக்குக் காலைல நான் போகணும். இன்னும் முடிவு பண்ணல. நிலா, 15 சதவீதக் கணக்கு, கட்சி மாநாட்டுல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகளுக்கு மட்டும்தானே?

நிலா 10:19
ஆமாக்கா. மாநில அளவுல 15ஐத் தொடலைன்னா அந்தப் பங்குல ஒரு பிரதிநிதிகூடக் கிடையாது. தொகுதி அளவுல தனியா இன்னொரு 15. வர்ஜீனியால மொத்தம் 99 பேர். வாரன் 15 தொடுவாங்களான்னு கேட்டா... கஷ்டம். பொய் சொல்ல மாட்டேன்

சாந்தி சித்தி 10:21
அப்ப பைடனுக்குப் போடு வித்யா. சாண்டர்ஸா பைடனான்னு ஆயிடுச்சு. மூணாவது ஆளுக்குப் போடுறது இப்ப அர்த்தமில்ல.

வித்யா 10:22
தூங்கப் போறேன் சித்தி

மார்ச் 3, செவ்வாய்

வித்யா 8:47 காலை
போட்டாச்சு. ஸ்கூல்ல கூட்டமே இல்ல, பத்து நிமிஷம். கையெழுத்துப் போடுற பேனாவைத் தொடத்தான் எல்லாருக்கும் யோசனை

சாந்தி சித்தி 8:49
இங்க கடைல ஒரு சானிடைசர் பாட்டில்கூட இல்ல. கை கழுவு முதல்ல. யாருக்குப் போட்டே?

வித்யா 8:58
வாரன்

வித்யா 9:03
திட்டாதீங்க சித்தி. கமலா ஹாரிஸ் இதே போட்டில நின்னப்ப நம்ம குழுவே துளசேந்திரபுரம் போட்டோவாப் போட்டு நிரப்புச்சு. ஆனா ஒருத்தராவது பணம் அனுப்பினோமா? "பாப்போம், எப்படிப் போகுதுன்னு பாப்போம்"னே இருந்தோம். டிசம்பர் 3ஆம் தேதி கையில காசு இல்லன்னு விலகிட்டாங்க. ஒரு மாநிலம்கூட ஓட்டுப் போடல அப்ப. எனக்கு அவங்க பேருக்கு நேரா குறி போடுற வாய்ப்பே வரல. இந்தத் தடவை பிடிச்ச பேரு சீட்டுல இருந்துச்சு, போட்டுட்டேன். வர்ஜீனியால பைடன் எப்படியும் வர்றாரு, என் ஒரு ஓட்டுல அவரு கவிழ மாட்டாரு

சாந்தி சித்தி 9:06
எப்படியும் வர்றாருன்னு நீ தைரியமாச் சொல்றது எங்களை மாதிரி ஆளுங்க போட்டதாலதானே

வித்யா 9:06
அது உண்மைதான் 🙏

கார்த்தி 11:30 இரவு
மாத்தி வாங்கிப் போட்டுட்டேன். வேலை முடிஞ்சு போனா வரிசை வாசல் தாண்டி நின்னுச்சு. சாண்டர்ஸ்

மார்ச் 4, புதன்

சாந்தி சித்தி 6:10 காலை
14ல 10 பைடன். வர்ஜீனியால 30 பாயிண்ட் வித்தியாசம். ஏமியோட மினசோட்டாகூட அவருக்குத்தான், ஏமி சொன்ன ஒரே நாள்ல. நான் ஒண்ணும் சொல்லல.

கார்த்தி 6:40
கலிபோர்னியா எங்களுக்கு. எண்ணி முடிக்க வாரக்கணக்கு ஆகும்

வித்யா 7:05
இங்க வாரன் 11 கிட்ட. 15 தொடல

நிலா 7:30
வாரன் அவங்க சொந்த மாநிலத்துலயே மூணாவது. 21 சதவீதம். வேலைக்கு லீவு சொல்லிட்டேன்

கண்ணன் மாமா 7:34
சாப்பிட்டியாம்மா? கூப்பிடுறேன், எடு.

கண்ணன் மாமா 8:20
ஹூஸ்டன்ல டெக்சஸ் சதர்ன் யூனிவர்சிட்டில ராத்திரி ஒரு மணி தாண்டியும் ஜனம் வரிசைல நின்னு போட்டிருக்கு. யாரு ஜெயிப்பா தோப்பான்னு ரிசல்ட்டே வந்துருச்சு, அப்பவும் நின்னிருக்காங்க. டிவில பாத்துட்டுத் தூங்கவே இல்ல.

தாத்தா 8:31
மொத்தத்துல யாரு நிக்கிறாங்க?

சாந்தி சித்தி 8:32
இன்னும் முடியலப்பா. ஆனா பைடன்தான்னு நினைக்கிறேன்

தாத்தா 8:35
வயசு 77ங்குறான் பேப்பர்ல. எனக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு

மார்ச் 5, வியாழன்

நிலா 12:15 மதியம்
வாரன் விலகிட்டாங்க. கேம்பிரிட்ஜ்ல வீட்டு வாசல்ல நின்னு பேசினாங்க

நிலா 12:17
நவம்பர்ல பைடனுக்குப் போடுவேன், கதவு தட்டவும் போவேன். ஆனா "அப்பவே சொன்னேன்ல"ன்னு ஒருத்தரும் இங்க எழுதக் கூடாது. முக்கியமா அத்தை

சாந்தி சித்தி 12:25
எழுதலடி. பென்சில்வேனியா போறதா இருந்தா சொல்லு, நானும் கார்ல வர்றேன். எனக்கும் அவர் பேச்சைக் கேட்டா இன்னும் மூச்சு முட்டத்தான் செய்யுது.

கண்ணன் மாமா 12:40
குல்கர்னி ரன்ஆஃப் (ரெண்டாவது சுத்து) இல்லாமலே வந்துட்டாரு. செனட்டுக்கு மட்டும் மே 26 ரன்ஆஃப். ரெண்டு பேருல எனக்கு யாரைப் பிடிக்குதுன்னு தெரியும். ரிபப்ளிகன் செனட்டர் கார்னினை யாரு தோக்கடிப்பான்னுதான் தெரியல.

நிலா 12:41
அப்பா

கண்ணன் மாமா 12:41
சும்மா சொன்னேன்.

கார்த்தி 12:44
எர்லி வோட்டிங் மட்டும் போகாதீங்க மாமா