பரந்தூர் ஏர்போர்ட்டுக்கு 10 நிமிஷம்னு மனை காட்டுறாங்க, மாமனார் மயங்கிட்டார். என்ன பண்ணலாம்?

வாடகைவீட்டான்:

வணக்கம் மக்களே. நான் பம்மல்ல வாடகைக்கு இருக்கேன். தலைக்கு மேல ஃப்ளைட் போனா பேச்ச நிறுத்திட்டு, அது போனதும் விட்ட வார்த்தைல இருந்து தொடர்றது எங்க ஏரியால எல்லாருக்கும் பழக்கம், சண்டை போடும்போது கூட அப்படித்தான். இந்த சத்தத்த இப்ப காசு குடுத்து வாங்கலாம்னு சொல்றார் எங்க மாமனார்.

சென்னைக்கு ரெண்டாவது ஏர்போர்ட் வரும்னு சொல்ற பரந்தூர் பக்கம் மனை காட்ட, போன ஞாயிறு தாம்பரத்துல இருந்து ஏசி வேன் வச்சு கூட்டிட்டு போனாங்க. சுங்குவார்சத்திரம் தாண்டி உள்ள போய், அதுக்கும் உள்ள போய், ஒரு இடத்துல ஆர்ச் கட்டி அது மேல தெர்மாகோல்ல ஒரு விமானம் வச்சிருந்தாங்க, ஒரு பக்க றெக்கை காத்துல பிச்சுகிட்டு போயிருந்துச்சு. ஷாமியானா, சாம்பார் சாதம், தயிர் சாதம், அப்புறம் குலுக்கல்ல அரை கிராம் தங்கக் காசு. அது மாமனாருக்கே விழுந்துச்சு. அன்னைல இருந்து அவருக்கு அது ராசியான இடம். (வேன்ல முன் சீட்ல உக்காந்திருந்த நாலு பேருக்கும் விழுந்துச்சுன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது.)

1200 சதுரடி, சதுரடி 1850 ரூபா. கைடுலைன், அதான் அரசாங்கம் வச்ச மதிப்பு, 600 தானாம், அதுக்கே பதிஞ்சுக்கலாம், மிச்சத்த கேஷா குடுத்துடுங்கன்றாங்க. "மாப்ள, எலெக்‌ஷன் முடியட்டும், நாலாயிரத்துக்கு போவும் பாருங்க"ன்றார். எந்தக் கட்சி ஜெயிச்சா நாலாயிரம் மாமான்னு கேட்டதுக்கு எது ஜெயிச்சாலும்னார். ஒய்ஃப் யாரு பக்கமும் பேச மாட்டேங்கறா. வாங்கலாமா?

பத்திரக்காரர் மகன்:

ப்ரோ அந்த 600 கணக்க மொதல்ல போடுவோம். 1200 இன்ட்டு 1850, 22 லட்சத்து 20 ஆயிரம். கைடுலைன்படி 7 லட்சத்து 20 ஆயிரம். 2023 ஏப்ரல்ல இருந்து முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 பர்சன்ட். அதுக்கு முன்னாடி 11 இருந்துச்சு, பதிவுக் கட்டணத்த பாதியா கொறச்சதா தலைப்புச் செய்தி வந்துச்சு, அதே நாள்ல கைடுலைன் மதிப்ப 2017 ஜூனுக்கு முந்தின ரேட்டுக்கு ஏத்துனது ரெண்டாவது பத்தில வந்துச்சு. இந்தக் கைல குடுத்து அந்தக் கைல வாங்குறத எங்கப்பா மேஜைல உக்காந்து நாப்பது வருஷமா பாக்கறார், எந்த ஆட்சியும் இதுல வித்தியாசம் கெடையாது.

உங்க கேஸ்ல கைடுலைனுக்கு பதிஞ்சா 64,800, உண்மை விலைக்கு பதிஞ்சா 1,99,800. மிச்சம் 1 லட்சத்து 35 ஆயிரம். இந்த மிச்சத்துக்காக 15 லட்சத்த பேப்பரே இல்லாம ஒருத்தர் கைல குடுக்கப் போறீங்க. பேங்க் லோன் அந்த ஏழு லட்சத்த பாத்து தான் வரும். மனை வாங்க விக்க 20 ஆயிரத்துக்கு மேல கேஷா வாங்கினவர் மாட்டினா வாங்கின அளவுக்கே அபராதம். அது அவர் தலைவலின்னு விட்டாலும், நாளைக்கு நீங்க விக்கும்போது 7 லட்சத்துக்கு வாங்கினவன் 25க்கு வித்தான்னு தான் வருமான வரிக்காரன் பாப்பான், அந்த 18 லட்சமும் உங்க லாபம். 2024 ஜூலை பட்ஜெட்டுக்கு அப்புறம் வாங்கற மனைக்கு இன்டெக்சேஷனும் (விலைவாசி ஏறின அளவுக்கு வாங்கின விலைய கூட்டிக் காட்டுறது) கெடையாது. ஆக அவன் வரிய நீங்க கட்டுறீங்க, அதுக்கு சாம்பார் சாதம் போட்டிருக்கான்.

இதுல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. அரசாங்கம் நிலத்த எடுத்தா நஷ்டஈட்டுக் கணக்கு கைடுலைன்லயும் பக்கத்துல பதிவான பத்திரங்கள்லயும் இருந்து தான் ஆரம்பிக்கும். ஏர்போர்ட் வந்தா அதுக்கு ரோடு வரும், மெட்ரோ வரும், உங்க மனை வழியாவே வந்தா நீங்க 600க்கு வாங்கினதா உங்க கையெழுத்தே சாட்சி.

லெமன்டீ:

வேன்ல முன் சீட் மேட்டர் 😂😂 எங்க மாமாவுக்கும் மூணு தடவ காசு விழுந்துச்சு, மூணும் முன் சீட்

கம்பன்கால்வாய்:

நான் அந்தப் பக்கத்து ஆளு. எங்க ஊரு எடுக்கப் போற 13 கிராமத்துல இல்ல, ஆனா வேலியோரம். எங்கக்காவ குடுத்தது உள்ள இருக்கிற ஊர்ல.

2022 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல பரந்தூர்னு பேர் வந்துச்சு. அதுக்கு முன்னாடி லிஸ்ட்ல நாலு ஊர் இருந்தது ஞாபகம் இருக்கா? படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர். நாலு ஊர்லயும் ஒரே நேரத்துல ஏர்போர்ட் பக்கம்னு மனை வித்தாங்க. படாளத்துல வாங்கினவன் இன்னைக்கு மதுராந்தகம் ஏரி வியூன்னு சொல்லிகிட்டு உக்காந்திருக்கான். இன்னும் பின்னாடி போனா, பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடி ஸ்ரீபெரும்புதூர்ல ரெண்டாவது ஏர்போர்ட்னு ஒரு பேச்சு ஓடுச்சு, அதுக்கும் கல்லு நட்டாங்க.

பரந்தூருக்கு கேக்கறது 5,700 ஏக்கருக்கு மேல. அதுல ஏரி, குளம், கால்வாய்னு நீர்நிலை ஏகப்பட்டது, கம்பன் கால்வாயே அதுக்குள்ள தான் ஓடுது. எடுக்கப் போற ஊர்ல ஒண்ணு ஏகனாபுரம், அங்க ஜனங்க வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் போராட்டத்துல உக்காந்துருவாங்க, 1000 நாள் தாண்டிடுச்சு. கிராம சபைல தீர்மானம் மேல தீர்மானம். 2024 பார்லிமென்ட் எலெக்‌ஷன கிட்டத்தட்ட ஊரே புறக்கணிச்சுது. எங்கக்கா வீட்டுக்காரர் நாத்து விட்டுட்டு வந்து அப்படியே சேத்தோட உக்காந்திருப்பார், காலு கூட கழுவ மாட்டார், கேட்டா போட்டோ எடுக்கறவன் எடுக்கட்டும்பார்.

வராத கட்சி இல்ல. 2025 ஜனவரில விஜய் வந்தார், ஊருக்குள்ள விடல, ஒரு கல்யாண மண்டபத்துல பாத்து வேன் மேல நின்னு பேசினார், ஏர்போர்ட்டே வேணாம்னு சொல்லல, இந்த இடத்துல வேணாம்ன்றேன்னார். எதிர்க்கட்சியா இருக்கும்போது எல்லாரும் பேசற வசனம் தான் அது. ஏப்ரல்ல மத்திய அரசு கொள்கை அளவுல ஒப்புதல் குடுத்துச்சு. மேலயும் கீழயும் அப்ப தினமும் திட்டிக்கிட்டிருந்த ரெண்டு கவர்மென்ட்டும் ஒத்துமையா கையெழுத்து போட்ட ஒரே பேப்பர் எங்க ஊரு பேப்பர் தான்னு எங்கக்கா வீட்டுக்காரர் சொல்வார்.

அண்ணே உங்க மாமனார் சாதம் சாப்ட்ட எடம் எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். ஆர்ச்சுக்கு எடது பக்கம் ஒரு ஈபி கம்பம் இருக்குதா? அதுல முட்டிக்கு மேல ஒரு பழுப்புக் கோடு இருக்கும் பாருங்க. பெயின்ட் இல்ல அது, தண்ணி நின்ன கோடு. வெயில் காலத்துல வேன் விடறதுக்கு காரணம் இருக்குது.

வாடகைவீட்டான்:

கம்பன்கால்வாய் அண்ணே, எடது பக்கம் கம்பம் இருந்துச்சு. கோடு பாக்கல. கொக்கு நெறைய நின்னுச்சு, மாமனார் அத லட்சுமி கடாட்சம்னார்.

தோப்பூர் பாண்டி:

நம்மூர் கதைய கேளுப்பா. மதுரைல எய்ம்ஸ் வருதுன்னு 2019 ஜனவரில பிரதமர் வந்து அடிக்கல் நாட்டிட்டு போனார். அன்னைக்கு சாயங்காலமே திருமங்கலம் ரோட்டுல "எய்ம்ஸ் நகர்", "எய்ம்ஸ் கார்டன்", "எய்ம்ஸ் அவென்யூ". எங்க சித்தப்பா ரிட்டயர்மென்ட் காசுல மூணு சென்ட் போட்டார். 2021 எலெக்‌ஷன்ல உதயநிதி இதான்யா எய்ம்ஸ்னு ஒத்த செங்கலத் தூக்கிக் காட்டினார், தமிழ்நாடே சிரிச்சுது, எங்க சித்தப்பா மட்டும் டிவிய அமத்திட்டு போய் படுத்துட்டார். எய்ம்ஸ் மாணவர்கள் 2022ல சேந்தாங்க, எங்க, ராமநாதபுரத்துல. ஆஸ்பத்திரி மதுரைல, படிப்பு ராம்நாட்ல, மனை சித்தப்பா பேர்ல. கட்டட வேலையே 2024ல தான் ஆரம்பிச்சுது. இப்ப கட்டடம் எழும்புது, இல்லேங்கல. ஆனா சித்தப்பாவுக்கு வயசு 71, மனைல கருவேல மரம் ரெண்டு ஆள் உயரம், வருஷத்துக்கு ஒருக்கா ஆள் விட்டு வெட்டுறார், அந்தக் கூலிய எவனும் சதுரடி விலைல சேக்க மாட்றான்.

விக்கலாமான்னு கேட்டா, முழுசா தெறக்கட்டும்டாங்கறார்.

ஓஎம்ஆர் பழைய ஆளு:

எல்லாரும் சேந்து அந்தாள பயமுறுத்தாதீங்க. 2003ல நாவலூர்ல நாய் கூட போகாதுன்னு சொன்னாங்க, எங்கப்பா பிஎஃப் லோன் போட்டு ஒரு கிரவுண்டு வாங்கினார், இன்னைக்கு அதுல தான் எங்க குடும்பமே நிக்குது. சிறுசேரில ஐடி பார்க் வரும்னு அப்ப சொன்னதும் அறிவிப்பு தான், அதுவும் அரசியல் தான். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டையும் வராது வராதுன்னீங்க, 2023 டிசம்பர்ல தெறந்தாங்களா இல்லையா? பூந்தமல்லில இருந்து பரந்தூருக்கு மெட்ரோ டிபிஆர் (விரிவான திட்ட அறிக்கை) போட்டாச்சு, மொத கட்டமா சுங்குவார்சத்திரம் வரைக்கும் 28 கிலோமீட்டர். பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே வேற வருது. தப்பு ஏர்போர்ட்ட நம்புறதுல இல்ல, எந்தக் கல்லு, யார் விக்கிறான்ங்கறதுல தான். பட்டா, ரெரா நம்பர் (மனைத் திட்டத்துக்கான அரசுப் பதிவு), தாய்ப்பத்திரம் பாத்து வாங்கினா பத்து வருஷத்துல யாரும் நஷ்டப்பட மாட்டான்.

பத்திரக்காரர் மகன்:

சார் உங்கப்பா வாங்கினது யாரும் போகாதப்ப, சதுரடி சில்லறைக்கு. இவர் வாங்கப் போறது ஏர்போர்ட், மெட்ரோ, எக்ஸ்பிரஸ்வே மூணையும் 1850ல சேத்துப் போட்ட அப்புறம். வராத ஃப்ளைட்டுக்கு டிக்கெட் காசு முன்னாடியே வாங்கிட்டான். கிளாம்பாக்கம் பத்தி சொன்னீங்க, பஸ் ஸ்டாண்ட் தெறந்தாச்சு சரி, வாசல்லயே வர வேண்டிய ரயில்வே ஸ்டேஷன் அதோட சேந்து வந்துச்சா? சூட்கேஸோட ஜிஎஸ்டி ரோட்ட கடந்தவன கேளுங்க.

ஓஎம்ஆர் பழைய ஆளு:

அதுவும் வரும்.

தோப்பூர் பாண்டி:

இதத்தான் சித்தப்பாவும் சொல்றார் சார்.

கல்லுநட்டவன்:

நான் மூணு வருஷம் இந்த லைன்ல இருந்தவன், உண்மைய சொல்லிடறேன், திட்டாதீங்க. எங்களுக்கு ஏர்போர்ட் வந்தாலும் ஒண்ணு வராட்டியும் ஒண்ணு. அறிவிப்பு வந்தா போதும், மறுநாள் காலைல ஃப்ளெக்ஸ். 2024 ஜூன்ல ஓசூருக்கு ஏர்போர்ட்னு சட்டசபைல சொன்னப்ப எங்க ஓனர் லைவ் பாத்துகிட்டே டிசைனருக்கு போன் பண்ணார். பெங்களூரு ஏர்போர்ட்ட சுத்தி 150 கிலோமீட்டருக்கு 2033 வரைக்கும் வேற ஏர்போர்ட்டுக்கு ஒப்பந்தத் தடை இருக்கேன்னு ஒரு கஸ்டமர் கேட்டார், எங்க மேனேஜர் அசரல, "அதான் சார், 2033க்கு முன்னாடி வாங்குறவங்களுக்கு தான் இந்த விலை"ன்னார்.

"10 நிமிஷம்" எப்படி வரும்னா, ஏர்போர்ட் நிலத்தோட கடைசி எல்லைக் கல்லுக்கு நேர் கோடு போடுவோம், கொக்கு பறக்கிற தூரம். டெர்மினல் வாசல் எந்தப் பக்கம்னு யாருக்கு தெரியும். சென்னைக்குள்ளன்னு சொன்னாங்களா? அதுல பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, 2022ல சென்னை பெருநகரப் பகுதிய 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904க்கு இழுத்து அரக்கோணம் வரைக்கும் விட்டுட்டாங்க.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு தான். சர்வே நம்பர் கேளுங்க. "அட்வான்ஸ் போட்டா தரோம்"னா எந்திரிச்சு வந்துடுங்க. தந்தா அத கையகப்படுத்துற அறிவிப்புல இருக்கிற நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க, அப்புறம் எஃப்எம்பி வரைபடம் (அந்த சர்வே நம்பரோட நில அளவை வரைபடம்) எடுங்க, ஆன்லைன்லயே வரும். லேஅவுட் ப்ளான்ல பார்க்னு பச்சையா இருக்கிறது எஃப்எம்பில என்னவா இருக்குன்னு பாத்தா பாதி கதை புரிஞ்சுடும்.

வாடகைவீட்டான்:

எல்லாருக்கும் நன்றி. அப்டேட்.

அட்வான்ஸ் போட்டா தரோம்னு தான் சொன்னாங்க. மாமனார் எனக்குத் தெரியாம ஏற்கனவே 25 ஆயிரம் போட்டிருக்கார், அதனால தந்துட்டாங்க. மனை நம்பர் 43. கல்லுநட்டவன் சொன்ன மாதிரி எஃப்எம்பி எடுத்தேன், கையகப்படுத்துற லிஸ்ட்ல இல்ல, அது வரைக்கும் நிம்மதி. ஆனா வரைபடத்துல ஒரு ஓடை வளஞ்சு போகுது, லேஅவுட் ப்ளான வச்சுப் பாத்தா 41 பக்கம் நுழைஞ்சு 46 பக்கம் வெளிய போகுது. ப்ளான்ல அந்த இடத்துல "30 அடி சாலை"ன்னு போட்டு ரெண்டு பக்கமும் மரம் வரஞ்சிருக்காங்க.

நேத்து சாயங்காலம் மாமனார கூட்டிட்டு பைக்லயே போனேன், வேன் இல்லாம. ஈபி கம்பத்துல கோடு இருக்கு. என் முட்டிக்கு மேல, அவருக்கு இடுப்பு. ஒண்ணும் பேசல, கோட்ட கைல தேச்சுப் பாத்தார். வர்ற வழில டீ குடிக்கும்போது, "அட்வான்ஸ் வாங்கிடலாம்ல மாப்ள?"ன்னு மட்டும் கேட்டார்.

திங்கக்கிழமை கேக்கப் போறோம். அந்த அரை கிராம் காசையும் திருப்பிக் கேப்பாங்களா? கேட்டா என்ன சொல்றதுன்னு யாராவது சொல்லுங்க, ஏன்னா மாமியார் அத பேத்திக்கு கம்மல் பண்ண ஆசாரிகிட்ட குடுத்து, போதலன்னு மேல ஒரு கிராம் வேற வாங்கிப் போட்டுட்டாங்க.