மறு: தொண்டைப் புற்றுக்கு ரோபோ அறுவை: தமிழில் என்ன போடலாம்?

> 'தானியங்கி அறுவை' என்று போட்டால் போதாதா?

போதாது அக்கா. அந்த ரோபோ தானாக எதையும் செய்வதில்லை. மருத்துவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கையை அசைக்கிறார். நோயாளியின் வாய்க்குள் இருக்கும் மெல்லிய கருவிகள் அதே அசைவைச் செய்கின்றன, கைநடுக்கம் மட்டும் வடிகட்டப்படுகிறது. இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்ப் பெரியவர்களுக்கான நம் துண்டறிக்கையில் 'தானியங்கி' என்று பார்த்தால், ஆளே இல்லாமல் மெஷின் கத்தி வைக்கும் என்று பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்கள்.

என் பரிந்துரை 'வாய்வழி எந்திரக்கை அறுவை'. 'வாய்வழி'யை விடக்கூடாது, விஷயமே அங்கேதான் இருக்கிறது. அடிநாக்கில் கட்டி என்றால், திறந்து செய்யும்போது பல நேரம் கீழுதட்டையும் தாடை எலும்பையும் பிளந்துதான் உள்ளே போக முடியும். அப்புறம் எலும்பைத் தகடு வைத்துச் சேர்க்க வேண்டும், மூச்சுக்குக் கழுத்தில் துளை, சாப்பாடு குழாய் வழியே. வாய்வழியே போனால் தாடை தப்பிக்கிறது. ஆனாலும் கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கப் பெரும்பாலும் வெளியே ஒரு வெட்டு உண்டு. 'தழும்பே இராது' என்று யாரும் எழுதிவிடாதீர்கள்! அமெரிக்காவில் 2009இல் 'டா வின்சி' என்ற ரோபோ அறுவைக் கருவிக்கு இந்த வேலைக்காக அனுமதி தந்தபோதும், சிறிய கட்டிகளுக்கு மட்டும்தான் தந்தார்கள்.

இதற்கு எதிரான, தாடையைப் பிளந்து செய்யும் முறைக்கு என்ன சொல் என்பதுதான் தலைவலி. 'மரபு அறுவை' என்றால் லேசரால் வாய்வழியே செய்வதும் அதற்குள் வந்துவிடும். அதில் ரோபோவும் இல்லை, தாடைப் பிளப்பும் இல்லை. அதனால் 'திறந்த அறுவை' என்கிறேன்.

(டர்பன்)

—

தம்பி, 'எந்திரக்கை' சரி. ஆனால் தனியாக நின்றால், கை இழந்தவருக்குப் பொருத்தும் கை என்று படிப்பார்கள். முதல் இடத்தில் 'மருத்துவர் இயக்கும் எந்திரக்கை (ரோபோ)' என்று விரித்துவிடு. பேரப்பிள்ளைகள் ரோபோ என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

தொண்டையின் இருபுறமும் இருக்கும் 'டான்சில்' என்ற சதைக்கு அந்தச் சொல்லே அப்படியே இருக்கட்டும். அகராதியில் 'அடிநாச்சதை' இருக்கிறது, யாருக்குப் புரியும்? 'உள்நாக்கு' என்று சிலர் எழுதுகிறார்கள், அது வேறு உறுப்பு.

'திறந்த அறுவை'க்குப் பக்கத்தில் 'பழைய முறை' என்று மட்டும் போடாதே. கட்டி பெரிதாக இருந்தாலோ, வாய் போதுமான அளவு திறக்காவிட்டாலோ, இன்றும் பலருக்கு அதைத்தான் செய்கிறார்கள். சிலருக்கு அறுவையே வேண்டாம், கதிர்வீச்சே போதும். அதற்கும் ஒரு வரி ஒதுக்கு.

(கேப் டவுன்)