கொரியர், ஜப்பானியர், நம்ம ஊர் ஹவுஸ் ஓனர்

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வருகிறவர்களைக் குடியமர்த்தும் ஏஜென்சியில் பல வருஷமாக இருக்கிறேன். வருகிறவர்களில் கொரியர்கள்தான் அதிகம், அடுத்து ஜப்பானியர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியதும் உதிரிபாகக் கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்தது. அங்கெல்லாம் வரும் மேனேஜர்கள், இன்ஜினியர்களுக்கு விசா, வீடு, பள்ளிக்கூடம், டிரைவர் என்று எல்லாம் பார்த்துக் கொடுப்பது எங்கள் வேலை.

விசாவில் சிக்கியவர்களை விட வீட்டில் சிக்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விசாவுக்கு விதி இருக்கிறது. வேலை விசா என்றால் வருஷச் சம்பளம் 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். தங்கள் நாட்டுச் சமையல் செய்ய வரும் சமையல்காரருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் விலக்கு உண்டு. கெஸ்ட் ஹவுஸ் சமையலறைக்கு சியோலிலிருந்து ஓர் அம்மாவைக் கூட்டிவர முடிவது அதனால்தான். காகிதம் சரியாக இருந்தால் விசா வந்துவிடும். அந்த ஆள் இங்கே காலூன்றுவாரா என்பது மட்டும் ஒரு ஹவுஸ் ஓனர் கையில் இருக்கிறது.

180 நாளுக்கு மேல் செல்லும் வேலை விசாவில் வருகிறவர், வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில், அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், பதிய வேண்டும். 2018-லிருந்து இது ஆன்லைன். முன்பு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் காலையிலேயே போய் உட்கார்ந்திருப்போம், அந்தப் பாடு இப்போது பெரும்பாலும் இல்லை. ஆனால் பதிவுக்கு முகவரிச் சான்று வேண்டும். பேங்க் கணக்கு என்றாலும் உள்ளூர் முகவரி கேட்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்கும் சி ஃபார்ம் போட வேண்டியது வீட்டைக் கொடுத்தவரின் பொறுப்பு. ஹோட்டலுக்கு மட்டும்தான் இது என்று பல ஓனர்கள் நினைக்கிறார்கள். 2025 செப்டம்பரில் பழைய சட்டங்களை எடுத்துவிட்டுப் புதுக் குடியேற்றச் சட்டம் வந்தபோதும் இந்தக் கடமை போகவில்லை. ஃபார்மின் பெயர்தான் ஃபார்ம் III என்று மாறியது, நாங்கள் பழக்கத்தில் சி ஃபார்ம் என்றே சொல்கிறோம்.

முதலில் சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் இறக்கி, அந்த முகவரியில் பதிந்துவிடுவோம். வீடு மாறும்போது எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் முகவரியையும் மாற்ற வேண்டும், புது ஓனர் சி ஃபார்மும் போட வேண்டும். அங்கேதான் மாட்டும். "என் ஆதாரை எதுக்குப்பா கவர்ன்மென்ட் சைட்ல ஏத்தணும்? நாளைக்கு இன்கம்டாக்ஸ்காரன் வந்து நின்னா?" என்று அண்ணாநகரில் ஒரு பெரியவர் கேட்டார். அட்வான்ஸ் வாங்கி, பால் காய்ச்ச நாளும் குறித்துக் கொடுத்த பிறகு கேட்டார். அவர் மகன் அமெரிக்காவில் இருந்து போனில் பேசி, தானும் அங்கே முகவரி மாறினால் சொல்லியாக வேண்டும் என்று விளக்கிய பிறகுதான் சம்மதித்தார்.

அட்வான்ஸ் விஷயத்தில் கொரியர்கள் அசரவே மாட்டார்கள். அவர்கள் ஊரில் ஜொன்ஸே என்று ஒரு முறை உண்டு. வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையே இல்லாமல் இரண்டு வருஷம் இருப்பார்கள். அவர்களிடம் பத்து மாத அட்வான்ஸ் என்றால் "அவ்வளவுதானா?" என்பார்கள். ஜப்பானியர்கள் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்பார்கள். அங்கே ஓனருக்கு நன்றிக்காசு என்று கொடுப்பது திரும்பி வராது, அந்தப் பயம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 'வேறு ஒப்பந்தம்' போடாத ஓனரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எண் விவகாரம் ஒன்று. கொரியர்களுக்கு நாலு ஆகாது. அவர்கள் லிஃப்டில் நாலுக்குப் பதில் எஃப் என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். நம்மவர்களுக்கு எட்டு ஆகாது. ஒருமுறை நான்காம் மாடி வேண்டாம் என்று சொன்ன கொரியருக்கு, யாரும் எடுக்காமல் கிடந்த எட்டாம் நம்பர் ஃபிளாட்டைக் காட்டினோம். அவருக்கும் மகிழ்ச்சி, ஓனருக்கும் மகிழ்ச்சி.

மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். வீடு கொடுத்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

போரூர்வாசி:

நான் வீடு கொடுத்தவள், அதனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் சார். மாடியில் கொரியக் குடும்பம், கணவன் மனைவி, இரண்டு பையன்கள். சி ஃபார்ம் நானே போட்டேன். பாஸ்போர்ட், விசா விவரங்களை அவர் ஒரு ஃபைலில் அடுக்கிக் கொடுத்துவிட்டார், அரை மணி நேர வேலைதான். இதற்குப் போய் ஓனர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று புரியவில்லை.

எனக்குத் தலைவலி கொடுத்தது கம்பெனிதான். வீட்டைக் கம்பெனி பெயரில் எடுத்ததால் வாடகையில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தார்கள். சரி, சட்டம். ஆனால் பிடித்த பணம், என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏ.எஸ்.ஸில் மாதக்கணக்காக ஏறவே இல்லை. போன் செய்தால் சென்னை ஆபீஸ் ஸ்ரீபெரும்புதூரைக் காட்டும், அங்கே கேட்டால் ஆடிட்டரைக் காட்டுவார்கள். நடுவில் அந்த மனுஷர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிந்து கும்பிடுவார், அவர் என்ன செய்வார் பாவம்!

கிம்ச்சி வாசனை பற்றி எதிர்வீட்டு மாமி புகார் சொன்னார். கிம்ச்சிக்கு என்றே தனி ஃபிரிட்ஜ் வைத்திருந்தார்கள், அதைப் பின்பக்க பால்கனிக்கு மாற்றச் சொன்னேன். அன்றே மாற்றிவிட்டார்கள். நம் வீட்டில் கருவாடு வறுக்கும் நாளில் அந்தம்மா என்ன நினைத்திருப்பார்களோ! 2019 கோடையில் தெருவே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோது அவர்கள் கம்பெனி தனியாக லாரி அனுப்பியது. சம்ப் எங்கள் எல்லோருக்கும் பொது. அந்த வருஷம் மாமி கிம்ச்சி பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரகடம் மொழிபெயர்ப்பாளர்:

ஜப்பானியர் பக்கம் நான் சொல்கிறேன். பொருள் வந்து இறங்கும் நாளில் கட்டாயம் கூட இருங்கள். அவர்கள் ஊரில் மின்சாரம் 100 வோல்ட். ஆசையாகக் கொண்டு வரும் ரைஸ் குக்கரை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. கொரியா 220 என்பதால் அந்தப் பிரச்சினை அவ்வளவு இல்லை. அப்புறம், பெட்டியில் இ-சிகரெட் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். 2019-லிருந்து இங்கே அதற்குத் தடை.

அவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் திறப்பது குளியலறைக் கதவைத்தான். இரவில் தொட்டி நிறைய வெந்நீர் நிரப்பி ஊறுவது அவர்களுக்குப் பழக்கம். நம் ஃபிளாட்டுகளில் தொட்டி இருந்தாலும் கீசர் 15 லிட்டர். அது முழங்காலுக்குக்கூட வராது. ஒரு குடும்பத்தில் கீசர் கெட்டுப்போய், ஒரு வார்த்தை சொல்லாமல் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஓனரைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். கடைசியில் புகார் டோக்கியோ தலைமை அலுவலகம் போய், அங்கிருந்து சென்னை எச்.ஆர்., பிறகு ஏஜென்சி, பிறகு நான் என்று சுற்றி வந்தது. ஓனரோ அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார். விஷயம் தெரிந்ததும் "என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அதிலிருந்து குடிபுகுந்த முதல் மாதம் வாராவாரம் நானே போய், ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

கணவரோடு சேர்ந்து வரும் விசாவில் மனைவிமார் இங்கே வேலை பார்க்க அனுமதி இல்லை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். ஓனர் வீட்டுப் பெண்கள் பேசிப் பழகும் வீடாக இருந்தால் பாதிக் கவலை விட்டது. நான் சிபாரிசு செய்யும்போது மார்பிள் தரையை விட அதைத்தான் பார்ப்பேன்.

எச்.ஆர். அக்கா:

எனக்கு வீட்டை விட பி.எஃப்.தான் பிரச்சினை. நம் ஊழியருக்கு பி.எஃப். கணக்கிட உள்ள 15,000 ரூபாய் சம்பள வரம்பு வெளிநாட்டு ஊழியருக்குக் கிடையாது. முழுச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பிடிக்க வேண்டும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-ல் இந்த ஏற்பாடு செல்லாது என்றது, தில்லி உயர் நீதிமன்றம் 2025-ல் செல்லும் என்றது. கொரியாவோடு 2011-லிருந்தும் ஜப்பானோடு 2016-லிருந்தும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பதால், தாய்க் கம்பெனி அனுப்பி வைக்கும் ஊழியர் அங்கேயே கட்டுவதாகச் சான்றிதழ் கொண்டு வந்தால் இங்கே பிடிக்க வேண்டாம். ஒப்பந்தம் இல்லாத நாட்டுக்காரர் என்றால் 58 வயதுவரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. சான்றிதழை விமானம் ஏறும் முன்பே வாங்கச் சொல்லுங்கள், வந்த பிறகு கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பதிவர்:

அக்கா சொன்ன சான்றிதழை எங்கள் செக்லிஸ்டில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்த வரியில் சேர்த்துவிடுகிறேன்.

போரூர்வாசி மேடம், டி.டி.எஸ். பிடித்ததற்குக் காலாண்டுக்கு ஒரு முறை டி.டி.எஸ். சான்றிதழ் தர வேண்டியது கம்பெனியின் கடமை. போனில் கேட்காதீர்கள். எழுத்தில், லீஸில் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கே கேட்டு அனுப்புங்கள். அடுத்த முறை லீஸ் போடும்போது அதை ஒரு ஷரத்தாகவே எழுதிவிடலாம், நாங்கள் இப்போது அப்படித்தான் போடுகிறோம்.