மெட்ரோப்ளெக்ஸ் தட்டு: முதல் அச்சா, மறு அச்சா?

டெட்ராய்டில் ஒரு பழைய கடையை மூடும்போது மெட்ரோப்ளெக்ஸ் இசைத்தட்டுகள் ஒரு பெட்டி வாங்கினேன். ஹுவான் அட்கின்ஸ் 1985-ல் தொடங்கிய டெக்னோ (மின்னணு நடன இசை) லேபிள், அதாவது தட்டு வெளியீட்டு நிறுவனம். எல்லாவற்றுக்கும் விலை மதிப்புப் போட வேண்டும், ஆனால் முதல் தட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

மாடல் 500 (அட்கின்ஸின் புனைபெயர்) வெளியிட்ட 'நோ யூஎஃப்ஓஸ்', லேபிளின் வரிசை எண் எம்-001, இரண்டு பிரதி இருக்கிறது. இரண்டிலும் 1985 என்றே அச்சிட்டிருக்கிறது. (மறு அச்சிலும் பழைய ஆண்டையே போடுவார்கள், அதை நம்ப முடியாது.) டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றில் மட்டும், பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில், அச்சுக்கான மூலத் தட்டை வெட்டித் தரும் ரான் மர்ஃபி பட்டறையின் 'என்எஸ்சி' என்ற எழுத்துக் கீறல் இருக்கிறது. மற்றதில் பேஸ் கொஞ்சம் மந்தம். எடை ஏறக்குறைய ஒன்றுதான். இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தின் படங்களோடு ஒப்பிட்டும் தெளிவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை.

இந்த லேபிளின் எண்பதுகளின் தட்டுகளில், 'என்எஸ்சி' கீறலை மட்டும் வைத்து மறு அச்சு என்று ஒதுக்கலாமா?