நாலு வயதா, ஏழு வயதா: பிள்ளையைக் குர்ஆன் ஓத அனுப்பிய அனுபவங்கள்

அம்மாபேட்டைத் தாய்:

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகனுக்கு நான்கு வருடம் நான்கு மாதம் நான்கு நாள் நிரம்பிய அன்று, மாமியார் வீட்டு வழக்கப்படி ஹஜ்ரத்தை (மார்க்கப் பெரியவரை) அழைத்து "இக்ரஃ பிஸ்மி ரப்பிக்க" (உம் இறைவனின் பெயரால் ஓதுவீராக) என்று ஓத வைத்து, தெருவுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்து, மறுநாளே மதரஸாவில் (குர்ஆன் ஓதும் பள்ளியில்) சேர்த்துவிட்டோம். மூன்றாவது வாரம் சபக் (பாடம்) சொல்ல அவன் முறை வந்தபோது, எழுந்து போக அனுமதி கேட்கத் தெரியாமல் பாயிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். உஸ்தாத் (ஆசிரியர்) திட்டவில்லை, பிள்ளைகள் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் அவனுடைய தொப்பியைக் காணவில்லை. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதுவும் இரண்டே நாளில் காணாமல் போனது. அந்த வாரக் கடைசியில் அரிசி டிரம்முக்குள் படியை விட்டபோது ஏதோ தடுத்தது. தொப்பி இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக மடிக்கப்பட்டு அடியில் புதைந்து கிடந்தன. அந்தச் சின்னக் கை அவ்வளவு ஆழத்துக்கு எப்படிப் போயிற்று என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது அவனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. மறுபடி எப்போது அனுப்பப் போகிறாய் என்று மாமியார் தினமும் கேட்கிறார்.

ஏற்காட்டு அத்தா:

நிறுத்தியது சரி, ஆனால் என்னைப் போல விட்டுவிடாதீர்கள். சுமார் 5,000 அடி உயரத்தில், மார்கழிப் பனியில், ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு)ப் பின் நடக்கும் வகுப்புக்குச் சின்னப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டேன். "ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழ ஏவுங்கள்" என்ற நபிமொழியை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சேர்க்கும்போது அவளுக்கு எட்டரை வயது. முதல் நாள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகளின் வரிசையில், தன் உயரம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, "அலிஃப், பே, தே" என்ற அரபு எழுத்துகளுக்கு வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். இன்று குர்ஆனைத் திருத்தமாக ஓதுகிறாள். ஆனாலும் ரேகால் பலகையின் (குர்ஆனை விரித்து வைக்கும் மடக்குப் பலகையின்) முன் அமர்ந்தால் அந்த முதுகு தானாகவே வளைகிறது.

சேலம் குகைப் பகுதியில் ஓதிக்கொடுப்பவள்:

இருபது ஆண்டுகளாக வீட்டில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா (மார்க்கம் கற்றவள்) என்ற முறையில் இரண்டு பேருக்கும் சொல்கிறேன். நான்கு-நான்கு-நான்கு என்பது நம் பகுதிகளில் பெரியவர்கள் கொண்டாடி வந்த வழக்கமே தவிர மார்க்கக் கடமை அன்று. ஏற்காட்டுச் சகோதரர் காட்டிய ஏழு வயதும் தொழுகைக்கு உரியது. ஓதத் தொடங்குவதற்கு உரியது அன்று. ஏழில் தொழ நிற்கும் பிள்ளையின் வாயில் அல்ஹம்து சூராவின் (குர்ஆனின் முதல் அத்தியாயத்தின்) ஏழு ஆயத்துகளும் (வசனங்களும்) அதற்கு முன்பே ஏறியிருக்க வேண்டாமா?

நான் வயதைக் கேட்பதில்லை. தரையில் சாக்பீஸால் படகு போல ஒரு கோடு போட்டு, கீழே ஒரு புளியங்கொட்டை வைத்தால் பே, மேலே இரண்டு வைத்தால் தே, மூன்று வைத்தால் ஸே என்று விளையாட்டாகக் காட்டுவேன். பிள்ளை திரும்பியிருக்கும்போது ஒரு கொட்டையை மேலிருந்து எடுத்துவிட்டு, "இது என்ன?" என்று கேட்பேன். மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் காயிதாவை (அரபு எழுத்துப் பாடநூலை)க் கொடுக்கலாம். கண்டுபிடிக்காத பிள்ளைக்கு இரண்டு மாதம் போகட்டும். எல்கேஜியில் இடமிருந்து வலமாக அ, ஆ எழுதத் தொடங்கிய அதே வாரத்தில் வலமிருந்து இடமாகப் படிக்க வைத்துக் குழப்பவும் வேண்டாம். ஸீன், ஸாத், ஸே மூன்றையும் தமிழில் ஒரே 'ஸ' கொண்டு எழுதிப் பழகியவர்கள் நாம்; ஆகவே எழுத்துக்கு முன் காது பழக வேண்டும். பல்லையும் பாருங்கள். ஸேயும் புள்ளியுள்ள தாலும் மேல் முன்பல் நுனியில் நாக்குப் பட்டுப் பிறப்பவை. ஆறு, ஏழு வயதில் விழுவதும் அந்தப் பற்களே.

சென்ற ஆண்டு ஒரு பையன் ஸே சொன்னபோது ஓட்டைப் பல் வழியாக வெறும் காற்றுதான் வந்தது. வகுப்பே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கோட்டை நன்னி:

புளியங்கொட்டைச் சோதனை வைத்துப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஆலிமா. எங்கள் வீட்டில் எழுத்துக்கு வெகு முன்பே மடியில் வைத்து ஓதிக் காட்டுவதுதான் தொடக்கம். என் பேத்திக்கு மூன்று வயது. சொல்லிக் கொடுத்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். ஒரு நாள் இரவு கரண்ட் போன நேரத்தில், பக்கத்து அறையிலிருந்து "குல் ஹுவல்லாஹு அஹத்" என்ற சிறிய சூராவை ஓதும் குரல் கேட்டது. பயந்துபோன தன் பொம்மைக்கு ஓதி ஊதிக்கொண்டிருந்தாள். நான்கு ஆயத்தில் ஒன்றை விட்டுவிட்டாள். நான் திருத்தவில்லை, திருத்தியிருக்க வேண்டுமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

அம்மாபேட்டைத் தாய்:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹ் (அல்லாஹ் நற்கூலி தரட்டும்). நேற்று மாலை கொட்டையை வைத்துப் பார்த்தேன். இரண்டு முறை சரியாகச் சொன்னான். மூன்றாவது முறை கொட்டையை வாயில் போட்டுக்கொண்டான். துப்பச் சொல்லி வாயைத் திறந்து பார்த்தால், ஆலிமா, மேல் முன்பல் இரண்டும் ஆடுகின்றன.