ஒலியிடமறிதல்: சவுண்ட் லோக்கலைசேஷனுக்கு என் தேர்வும் காரணங்களும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டே அறியும் திறன்தான் சவுண்ட் லோக்கலைசேஷன். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: ஒலி உள்ளூராக்கம், ஒலித்திசையறிதல், ஒலியிடங்காணல், ஒலியிடங்கணிப்பு. முதலாவதை இப்போதே கைவிட்டுவிடலாம். உள்ளூராக்கம் மென்பொருள்காரர்களின் சொல். ஒரு செயலியைத் தமிழுக்கும் நம் நாட்காட்டிக்கும் ரூபாய்க்கும் ஏற்ப மாற்றுவதற்கு அது அங்கே நன்றாக நிலைத்துவிட்டது. அதையே தூக்கிக் காதுக்குள் வைத்தால், மூளை ஏதோ வெளியூர்ச் சத்தத்தை உள்ளூர்ச் சத்தமாக மாற்றுகிறது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். மற்ற மூன்றையும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் மூளை இங்கே என்ன செய்கிறது என்று பார்க்காமல் தலைச்சொல்லைத் தேர்ந்தால் அதையொட்டி வரும் துணைச்சொற்கள் எல்லாமே கோணலாகிவிடும்.

கண்ணில், வெளியே ஒரு பொருள் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற இடத்தில்தான் அதன் பிம்பம் விழித்திரையில் விழுகிறது. இடம் என்ற தகவல் கண்ணுக்குள் நுழையும்போதே இருக்கிறது. காதில் அது கிடையாது. உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவில் ஒரு வரிசை உண்டு, ஆனால் அது அதிர்வெண்ணின் வரிசை: அடிப்பக்கம் உயர்ந்த அதிர்வெண், நுனியில் தாழ்ந்த அதிர்வெண். சத்தம் வலமிருந்து வந்தாலும் இடமிருந்து வந்தாலும், அதிர்வெண் ஒன்றென்றால் அதே பகுதிதான் அதிரும். ஆக, இடம் காதுக்கு வந்து சேர்வதில்லை. இரண்டு காதுக்கும் வந்ததை ஒப்பிட்டு மூளை எட்டும் முடிவு அது. ஒலியிடங்காணல் என்பதில் எனக்குள்ள தயக்கம் இதுதான். விடை காண்பது, தீர்வு காண்பது என்று காண் விரிந்த பொருளில் வருவது உண்மை, அதை எழுதிய நண்பர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் புலன்களைப் பற்றிய ஒரு நூலில் அடுத்த அத்தியாயமே பார்வையைப் பற்றியதாக இருக்கும்போது, கேட்டலுக்குக் காணலைப் போட்டால் மாணவருக்கு இடறும்.

அந்த ஒப்பீடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நேர் வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி, தலையைச் சுற்றி இடக்காதை அடைய ஏறத்தாழ 650 முதல் 700 மைக்ரோ நொடி கூடுதலாக எடுக்கும். அதுவே உச்சம். நேர் எதிரே இருக்கும் ஒலி ஒரே ஒரு பாகை நகர்ந்தாலும் நாம் கண்டுபிடித்துவிடுகிறோம், அந்த ஒரு பாகையில் இரு காதுகளுக்கு இடையே வரும் நேர வேறுபாடு 10 மைக்ரோ நொடி அளவுதான். நியூரானில் ஓடும் ஒரு துடிப்பே ஒரு மில்லி நொடி நீடிக்கும், அதில் நூறில் ஒரு பங்கை மூளை பிரித்துவிடுகிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

நேர வேறுபாடு தாழ்ந்த அதிர்வெண்களுக்கு உதவுகிறது. உயர்ந்த அதிர்வெண்களில் தலையே மறைப்பாக நின்று, தூரத்துக் காதுக்குப் போகும் ஒலியைக் குறைத்துவிடுவதால் இரு காதிலும் ஒலியின் அளவில் வரும் அந்த மட்ட வேறுபாடு உதவுகிறது. இந்த இரட்டை விளக்கத்தை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1907இல் முன்வைத்தார். 1936இல் ஸ்டீவன்ஸ், நியூமன் என்ற ஆய்வாளர்கள் ஹார்வர்டில் ஒரு கட்டடத்தின் கூரைமேல் உயரமான சுழல் நாற்காலியில் ஆளை உட்காரவைத்து, எதிரொலி இல்லாத வெளியில் சோதித்தார்கள். 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் பிழை மிக அதிகம். இரண்டு துப்பும் அங்கே வலுவிழந்துவிடுகின்றன. வீட்டில் ஏதோ ஒரு கருவி பீப் பீப் என்று கத்தும்போது எது கத்துகிறது என்று அறை அறையாகத் தேடுகிறோமே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

இங்கே ஒரு சொல் விஷயம். இன்டர்ஆரல், பைனாரல் இரண்டுக்கும் ‘இருசெவி’ என்றே பட்டியலில் போட்டிருக்கிறோம். அது சரிவராது. இருசெவிக் கேட்டல் என்பது இரண்டு காதாலும் கேட்பது. இந்த வேறுபாடு இரண்டு காதுக்கும் இடையில் உள்ளது. ஆகவே செவியிடை நேர வேறுபாடு, செவியிடை மட்ட வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். மட்டத்துக்குப் பதில் செறிவு என்று சிலர் எழுதியிருந்தார்கள். டெசிபலில் சொல்வதை மட்டம் என்றும் பரப்பளவுக்கு இத்தனை வாட் என்பதைச் செறிவு என்றும் பிரித்து வைத்தால் இயற்பியல் பாடத்தோடு மோதாது.

அடுத்து, திசையா இடமா? இதை நீங்களே சோதிக்கலாம். கண்ணை மூடி, தலையை அசைக்காமல் உட்காருங்கள். வீட்டில் யாரையாவது சாவிக்கொத்தை மூக்குக்கு நேரே, உச்சிக்கு மேலே, பிடரிக்குப் பின்னே என்று நடுக்கோட்டில் மட்டும் குலுக்கச் சொல்லுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே மட்டத்தில் ஒலி வருகிறது. செவியிடை வேறுபாடு சுழியம். ஆனாலும் பெரும்பாலும் சரியாகவே சொல்வீர்கள், காரணம் செவிமடலின் மடிப்புகள். ஒலி வரும் உயரத்துக்கேற்ப அவை சில உயர் அதிர்வெண்களைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றன. இப்போது இரண்டு மடலையும் விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி செய்து பாருங்கள், முன்னும் பின்னும் குழம்பும். 1998இல் ஹாஃப்மன் குழுவினர் நெதர்லாந்தில் இதையே பக்குவமாகச் செய்தார்கள். செவிமடலின் குழிவில் சிறு அச்சு வைத்து அதன் வடிவத்தை மாற்றியதும் மேல் கீழ் அறியும் திறன் உடனே போய்விட்டது, இடம் வலம் அறிவது பெரிதாகக் கெடவில்லை. சில வாரங்கள் அந்த அச்சோடே நடமாடியபின் மேல் கீழும் திரும்ப வந்தது. அச்சை எடுத்த பிறகு பழைய காதும் அப்போதே சரியாக வேலை செய்தது, அதாவது மூளை இரண்டாவது மொழி கற்றதுபோல் பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பழகிப் பெறும் இந்தத் திறனுக்கு ‘அறிதல்’ பொருத்தம் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

திசையைவிட இடம் மேல் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொலைவையும் நாம் காதால் அறிகிறோம். ஓர் அறைக்குள் நேராக வரும் ஒலிக்கும் சுவரில் பட்டு வரும் ஒலிக்கும் உள்ள விகிதம், பழகிய குரலின் உரப்பு எல்லாம் அதற்குத் துப்பு. ஒலித்திசையறிதல் என்றால் தொலைவு வெளியே நின்றுவிடும். திசையறிதலைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. இடமறிதலின் ஒரு பகுதியாக, திசையை மட்டும் பேசும் இடத்தில் அது இருக்கட்டும்.

ஹெட்போன் விஷயத்தை யாரும் இன்னும் எடுக்கவில்லை. ஹெட்போனில் ஒரு காதுக்கு ஒலியைச் சற்று முந்த விட்டால் அது வெளியே எங்கோ இருப்பதாகத் தோன்றாது, தலைக்குள்ளேயே ஒரு பக்கமாக நகரும். இதை லேட்டரலைசேஷன் என்று பிரித்தே சொல்கிறார்கள், ஆய்வகச் சோதனைகளில் பல இதுதான். ஒலியிடமறிதலுக்கு இணையாக இதை ஒலிப்பக்கமறிதல் என்று வைத்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும்.

ஒலியிடங்கணிப்பு என் மனதுக்கு மிக நெருக்கமாக வந்தது. மூளை செய்வது கணக்குத்தானே! ஆனால் கணிப்பு என்றால் இன்று மழை, தேர்தல் என்று வரப்போவதைச் சொல்வதாகத்தான் காதில் விழுகிறது. அப்புறம், ஒரு காது கேளாதவரை நினைத்துப் பாருங்கள். தெருவில் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரிவதில்லை, ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரிவதில்லை. செவித்திறன் சோதிப்பவர் அவரிடம் “உங்களுக்குச் சத்தத்தின் இடமறியும் திறன் குறைந்திருக்கிறது” என்றால் அடுத்த விளக்கம் தேவைப்படாது. இந்தச் சொல் நூலுக்கு மட்டும் அல்ல, அவர்களுக்கும் வேண்டும்.

மூளைத்தண்டுக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் லாயிட் ஜெஃப்ரஸ் 1948இல் மாதிரி (மாடல்) ஒன்றை முன்வைத்தார்: இரண்டு காதிலிருந்தும் வரும் நரம்பிழைகள் எதிரெதிராக ஓடுகின்றன, நடுவில் வரிசையாக நியூரான்கள், இரு பக்கத் துடிப்பும் ஒன்றாக வந்து சேரும் நியூரான்தான் உரக்கத் துடிக்கும், அது எது என்பதே திசை. கூகை என்னும் ஆந்தையில் கிட்டத்தட்ட இப்படியே இருக்கிறது. கோனிஷி, கார் என்ற ஆய்வாளர்கள் 1990இல் அந்தத் தாமத இழைகளையே காட்டினார்கள். அதற்கு முன்பே 1978இல் நுட்சனும் கோனிஷியும் கூகையின் நடுமூளையில் வெளியுலகின் ஒலி வரைபடம் ஒன்று இருப்பதைக் கண்டிருந்தார்கள். காதில் இல்லாத வரைபடத்தை மூளை தானே வரைந்துவைத்திருக்கிறது. கூகையின் காதுத் துளைகள் ஒரே உயரத்தில் இல்லாததால் மட்ட வேறுபாட்டைக் கொண்டு அது உயரத்தையும் அறிகிறது, கும்மிருட்டிலும் எலியைப் பிடிக்கிறது. பாலூட்டிகளில் கதை வேறு. மூளைத்தண்டில் மேல் ஆலிவ் என்னும் பகுதியில், நியூரானின் துடிப்பை அடக்கும் தடுப்புச் சமிக்ஞைகளுக்கும் பங்கு உண்டு என்று ஜெர்பில் எலிகளில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன, விவாதம் இன்னும் நடக்கிறது. அதனால் ஜெஃப்ரஸ் மாதிரியைத் தலைச்சொல்லுக்குள் புகுத்த வேண்டாம். அந்த நியூரானை, அதாவது கோயின்சிடென்ஸ் டிடெக்டரை, ‘தற்செயல் உணரி’ என்று பட்டியலில் எழுதியிருப்பதையும் மாற்றவேண்டும். அங்கே தற்செயல் எதுவும் இல்லை, ஒரே நேரத்தில் நிகழ்வதுதான் விஷயம். மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சிப் பொருள் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். உடனிகழ்வு உணரி என்றால் அப்படியே பொருந்துகிறது.

பிரெசிடென்ஸ் எஃபெக்ட்டுக்கு முந்தொலி விளைவு என்று எழுதலாமா? திருவிழாத் தெருவில் கூம்பு ஒலிபெருக்கிகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். ஐந்து மீட்டர் கூடுதல் தொலைவில் உள்ளதன் ஒலி 15 மில்லி நொடி பிந்தி வருகிறது, ஆனாலும் அருகில் உள்ளதிலிருந்தே பாட்டு முழுவதும் வருவதாகத் தோன்றும். முதலில் வந்த அலைக்கே மூளை இடத்தைக் கொடுத்துவிடுகிறது. தாமதம் இன்னும் கூடினால்தான் தனி எதிரொலியாகப் பிரியும்.

‘எங்கே’ என்பதும் ‘என்ன’ என்பதும் ஒன்றா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. தசரதன் கதையே இதற்குச் சான்று. இருட்டில் குடத்தில் நீர் மொள்ளும் ஓசை கேட்டு அம்பு விட்டான், இடம் இம்மியும் தவறவில்லை, ஆனால் யானை என்று நினைத்தது பிழை. 2008இல் லோம்பர், மல்ஹோத்ரா என்ற ஆய்வாளர்கள் பூனைகளின் பெருமூளைப் புறணியில் ஒரு பகுதியைத் தற்காலிகமாகக் குளிரவைத்தபோது இடமறிதல் மட்டும் கெட்டது, வேறொரு பகுதியைக் குளிரவைத்தபோது ஒலியின் வகையறிதல் மட்டும் கெட்டது. ஆக, ஒலியிடமறிதல், ஒலிவகையறிதல் என்று இதற்கும் இணை கிடைத்துவிட்டது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “கூகை இரையை ஒலியால் இடமறிகிறது.” “நான்கு மைக்குகளைக் கொண்டு இந்த ரோபோ பேசுபவரை இடமறியும்.” “இடமறி பிழை 3 பாகை.” வினை, பெயர், அடை மூன்றாகவும் நிற்கிறது. எதிரொலி இடமறிதல் என்று வௌவாலுக்கும் நீட்டலாம். எதிர்ப்பு இல்லையென்றால் இதைப் பட்டியலில் ஏற்றிவிடலாம். முந்தொலி, முதலொலி இரண்டில் எது என்பதையும், மட்டம் என்ற சொல் இலங்கைப் பாடநூல்களில் இதே பொருளில் வருகிறதா என்பதையும் அங்குள்ள ஆசிரியர்கள் யாராவது பார்த்து எழுதுங்கள்.