புது ஸ்னோமொபைலுக்கு (ஸ்லெட்) 144 ஸ்டட் அடிச்ச பிறகு வளைவில திரும்புதில்லை, டனலுக்குள்ள (ட்ராக்கை மேல மூடுற கூடு) உரசுற சத்தம்

சிம்கோக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். இந்த சீசனுக்குப் புதுசா ஒரு ஸ்னோமொபைல் எடுத்தனான். 600 சிசி டூ-ஸ்ட்ரோக், 137 அங்குல ட்ராக் (வண்டியைத் தள்ளுற ரப்பர் பட்டி), லக் (ட்ராக்கில நிக்கிற ரப்பர் பல்) உயரம் 1.25 அங்குலம். கூடுதலா ஒன்டாரியோவில சிம்கோ ஏரியிலயும் ஹாலிபர்ட்டன் ட்ரெயில்களிலயும்தான் ஓடுறது. ஐஸில பிரேக் பிடிச்சா வழுக்கிக்கொண்டே போகுது எண்டு கடையில சொல்ல, ட்ராக்கில 144 ஸ்டட் (ஐஸைக் கவ்வுற கூர் ஆணி) அடிச்சுத் தந்தவை. ஸ்கிட் பிளேட் (அடிக்காப்புத் தகடு), முன் பம்பர், கைக்காப்பு எல்லாம் அதே பில்லில.

இப்ப பிரேக் நல்லா பிடிக்குது. ஆனா மூண்டு பிரச்சினை:
1. வளைவில ஹாண்டில் திருப்பினாலும் ஸ்லெட் நேரா முன்னுக்குத் தள்ளுது.
2. வேகமா போகேக்கயும் பள்ளத்தில குதிக்கேக்கயும் காலுக்குக் கீழ 'கிர்ர்' எண்டு இரும்பு உரசுற சத்தம்.
3. ஏரியில ஓடேக்க வெப்ப லைட் ஒருக்கா எரிஞ்சு அணைஞ்சது.

ஸ்டட்டைக் கழட்டிப் போடட்டோ?

வடக்கு மெக்கானிக்:
கழட்டாதேங்கோ தம்பி. முன்னுக்கு இருக்கிற ஸ்கீக்கு அடியில வாற வேர் பாரை (ஐஸைக் கீறி வண்டியைத் திருப்புற கம்பி) மாத்தினவையோ? அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லையே. பின்னுக்கு 144 ஸ்டட் ஐஸைக் கவ்வித் தள்ளேக்க, முன்னுக்கு ஸ்கீயும் அதே அளவுக்குக் கவ்வ வேணும். வண்டியோட வாற வேர் பாரில கார்பைட் (கடின உலோக விளிம்பு) அனேகமா ஒரு ஸ்கீக்கு 4 அங்குலம்தான் இருக்கும். 144க்கு 6 அங்குலமாவது வேணும், சில பேர் 8 போடுவினம். அதைப் போட்டும் தள்ளினா, லிமிட்டர் ஸ்ட்ராப்பை (ட்ராக் சஸ்பென்ஷனின்ர முன்பக்கத்தைப் பிடிக்கிற பட்டி) ஒரு ஓட்டை இறுக்குங்கோ. முன்பக்கம் கொஞ்சம் அமர்ந்து ஸ்கீயில பாரம் கூடும். முதலே இறுக்கிப்போட்டு, பிறகு கார்பைட்டும் போட்டா ஹாண்டில் கல்லாப்போகும்.

600க்கு 96 ஸ்டட்டே காணும் எண்டுதான் நான் சொல்லுவன். 144 பிழையில்லை, ஆனா காசும் பாரமும் கூட.

சட்பரி ராமன்:
ரெண்டாவது விஷயத்தை அசட்டையா விடாதீங்க சார், அதுதான் ஆபத்து. அதைப் பார்க்காம இனி ஓட்டவே வேண்டாம். டனலுக்கு உள்ளே மேல்பக்கம் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கு, இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் அதுலதான் ஓடுது. வேகம் எடுத்தா ட்ராக் மையவிலக்கு விசையில உப்பி மேலே எழும்பும். ஸ்டட் நுனி அதைக் கிழிச்சா கூலன்ட் மொத்தமும் போயிடும், அப்புறம் இன்ஜின் செலவுதான்.

மூணு விஷயம் பாருங்க. டனல் ப்ரொடெக்டர் (ஸ்டட் எக்ஸ்சேஞ்சர்ல படாம காக்கிற பட்டை) போட்டிருக்காங்களா? பின்னாடி மட்டும் போட்டுட்டு, ட்ராக்கைச் சுத்துற டிரைவ் ஷாஃப்ட் பக்கம் முன்னாடி இருக்கிறதை விட்டுடுறது வழக்கமா நடக்கிற கூத்து. அடுத்தது ஸ்டட் நீளம்: லக் நுனிக்கு மேலே 6 முதல் 9 மில்லிமீட்டர்தான் தெரியணும். கடைசியா ட்ராக் இறுக்கம். புது ட்ராக் ஆரம்பத்துல நீளும், தளர்ந்தா மேலே போய் அடிக்கும். மேனுவல்ல சொன்ன எடையைத் தொங்கவிட்டு அளந்து பாருங்க.

உங்க ட்ராக்குக்கு ஸ்டட் அடிக்கலாம்னு மேனுவல்ல இருக்கான்னும் பார்த்துடுங்க. ஒற்றை அடுக்கு ட்ராக் சிலதுல ஸ்டட் நிக்காது, பிடுங்கிக்கிட்டு வந்துடும். நானா இருந்தா வாங்கும்போதே ஐஸ் ரிப்பர் மாதிரி லக் நுனியிலயே குட்டி ஸ்டட் பதிச்ச ட்ராக் கேட்டிருப்பேன். அதுக்குத் துளையும் வேணாம், ப்ரொடெக்டரும் வேணாம். பெரிய ஸ்டட் அளவுக்குக் கடிக்காது, அவ்வளவுதான்.

வடக்கு மெக்கானிக்:
ராமன் சொல்லுறது சரி. ஒண்டு மட்டும்: பார்க்கிறதுக்கு எண்டு பின்பக்கத்தை ஸ்டாண்டில தூக்கி வைச்சு த்ராட்டில் குடுக்கவே கூடாது. ஸ்டட் ஒண்டு கழண்டு பறந்தா பின்னுக்கு நிக்கிறவருக்கு உயிராபத்து. ஸ்னோ ஃபிளாப் (பின்னுக்குத் தொங்குற ரப்பர் மறைப்பு) இல்லாமல் ஓடவும் கூடாது.

சிம்கோக்கரை:
இன்ஜினை நிப்பாட்டிப்போட்டு, ஸ்லெட்டைச் சரிச்சு டோர்ச் அடிச்சுப் பார்த்தன். ராமன் அண்ணை சொன்னதுதான்! பின்னுக்கு ரெண்டு ப்ரொடெக்டர் இருக்கு, முன்னுக்கு ஒண்டும் இல்லை. முன் எக்ஸ்சேஞ்சரில கோடு கோடா கீறல். ஒழுக்கு இல்லை, கூலன்ட் அளவும் குறையேல்லை. ட்ராக்கும் தளர்வு. கடையில கதைச்சன், மிச்சத்தைப் போட்டுத் தாறம் எண்டினம். 6 அங்குலக் கார்பைட்டும் சொல்லியிருக்கிறன். வெப்ப லைட்டும் இதாலயோ?

ஐஸ்மீன்:
அது வேற கதை. காத்து அடிச்சுத் துடைச்ச ஏரி ஐஸில தூள் பனியே இராது. எக்ஸ்சேஞ்சர் குளிர்றது ட்ராக் அள்ளி எறியிற பனியாலதான், ரெயிலின்ர (ட்ராக்குக்கு உள்ள இருக்கிற நீளச் சட்டம்) ஸ்லைடர் பிளாஸ்டிக் உருகாமல் இருக்கிறதும் அதாலதான். ரெயிலில ஒரு சோடி ஐஸ் ஸ்க்ராச்சர் பூட்டுங்கோ. ஐஸைச் சுரண்டிப் பனித்தூளை ட்ராக்குக்குள்ள எறியும். ஸ்கிட் பிளேட்டுக்கு முதல் வாங்க வேண்டியது இதுதான். சீராக்கின ட்ரெயிலில ஓடுறவைக்கு அடியில மரக்குத்தி இடிக்கிறது எப்பவாவது ஒருக்காத்தான். ரிவர்ஸ் எடுக்கேக்க ஸ்க்ராச்சரைத் தூக்கி மாட்ட மறந்தா வளைஞ்சுபோம். ரிவர்ஸுக்குத் தாங்கிற கேபிள் வகையும் இருக்கு, அதை எடுங்கோ.

சிம்கோக்கரை:
நன்றி. ட்ரெய்லர் பலகையை ஸ்டட் இப்பவே கிழிச்சுப்போட்டுது, அதுக்கு என்ன போடுறியள்?

ஐஸ்மீன்:
ஸ்கீ ஓடுற இடத்துக்கு பிளாஸ்டிக் கைட், ட்ராக் நிக்கிற இடத்துக்குத் தடிச்ச ரப்பர் மேட். ஏத்தேக்க த்ராட்டிலை மெல்லமாக் குடுங்கோ. ஸ்டட் சுழண்டா மேட்டும் போய்விடும்.